காலா அசார்: மஜ்ஜை நிறைந்திருக்க, ரத்தத்தில் அணுக்கள் ஏன் குறைகின்றன?

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. பீகாரிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் இளைஞருக்கு இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். ஆள் இளைத்துக்கொண்டே போக, வயிற்றின் இடப்பக்கம் மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. ஹீமோகுளோபின் 6.8, வெள்ளையணு 1,900, தட்டணு (பிளேட்லெட்) 62,000; மூன்றுமே குறைவு. லுக்கீமியாவாக (ரத்தப் புற்றுநோய்) இருக்குமோ என்று இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்திருக்கிறார்கள். 'எல்.டி. பாடீஸ்', அதாவது லீஷ்மன்-டோனோவன் உருண்டைகள் எனப்படும் ஒட்டுண்ணிகள், 'காணப்படுகின்றன' என்று அறிக்கை வந்தது. "கேன்சர் இல்லை, காலா அசார்" என்று சொல்லி டாக்டர் மருந்தைத் தொடங்கிவிட்டார். காலா அசார் என்பது மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோய். கேட்பவருக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. ஒட்டுண்ணி என்றால் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு கூடத்தானே வேண்டும், இவருக்கு ஏன் பூஜ்யம்? மஜ்ஜையில் செல்கள் நிறைய இருப்பதாக அறிக்கை சொல்கிறதே, பிறகு ரத்தத்தில் ஏன் இல்லை? கெட்டுப்போன மஜ்ஜை திரும்பச் சரியாகுமா?

ரத்தவியல் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்ப்பது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மஜ்ஜை கெட்டுப்போகவில்லை. அது ஒழுங்கில்லாமல் வேலை செய்கிறது, அவ்வளவுதான். அதில் உருவாகும் அணுக்கள் பாதி வழியிலேயே வீணாகின்றன. வெளியே வந்தவற்றை மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒட்டுண்ணி ஒழிந்தால் இரண்டும் சரியாகிவிடும். லுக்கீமியாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடே இதுதான்.

ஒட்டுண்ணியின் பெயர் லீஷ்மேனியா டோனோவானி. ஒரே செல்லால் ஆன உயிரி. கொசுவைவிடச் சிறிய பெண் மணல் ஈ கடிக்கும்போது தோலுக்குள் நுழைகிறது. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியேறும். இது அப்படியில்லை. கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே உடம்பு வைத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுவுக்குள் புகுந்து, செரிமானம் நடக்கும் அந்த அறையிலேயே உட்கார்ந்து பெருகுகிறது. மேக்ரோஃபேஜ்கள் அதிகம் இருக்கும் இடங்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. அதனால்தான் இந்த மூன்று இடங்களும் முதலில் மாட்டிக்கொள்கின்றன. ரத்தத்தில் தெரியும் மாற்றங்கள் எல்லாம் அங்கே நடப்பதன் விளைவுதான். ரத்தத்தில் மோனோசைட்டு என்ற வெள்ளையணுக்கள் சிலவற்றுக்குள் ஒட்டுண்ணி இருக்கும் என்றாலும், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்துப் பார்க்கும் சாதாரண ஸ்மியரில் அது கண்ணில் படுவது அபூர்வம். எச்.ஐ.வி.யும் சேர்ந்திருக்கும் நோயாளிகளில் மட்டும் கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும்.

இப்போது ஈசினோஃபில். திசுக்களுக்குள் திரியும் புழுக்கள், அதாவது யானைக்கால் புழு, கொக்கிப்புழு, உருளைப்புழுவின் இளம்பருவம் போன்றவைதான் ஈசினோஃபிலைக் கூட்டும். ஒரு செல் உயிரிகள் பொதுவாகக் கூட்டுவதில்லை. காலா அசாரில் நடப்பது நேர் எதிர்: ஈசினோஃபில் குறைந்து, பெரும்பாலும் காணாமலே போய்விடும். நம் ஊரில் சாதாரணமாக யார் ரத்தத்தை எடுத்தாலும் இரண்டு மூன்று சதவீதமாவது இருக்கும் அணு அது. ஆக, நீண்ட காய்ச்சல், பெருத்த மண்ணீரல், மூன்று வகை அணுக்களும் குறைவு, அதோடு ஈசினோஃபில் பூஜ்யம் என்று ஒரு அறிக்கை வந்தால், இயந்திரம் அச்சடித்த அந்தப் பூஜ்யத்தைச் சும்மா கடந்து போகக்கூடாது. டைஃபாய்டிலும் ஈசினோஃபில் மறையும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் ஈசினோஃபில் தாராளமாக இருக்கும் ஒருவருக்குக் காலா அசார் என்று யாராவது சொன்னால், நான் இன்னொரு தடவை யோசிப்பேன்.

அடுத்து, அணுக்கள் எங்கே போகின்றன? இதற்கு ஒரே காரணம் கிடையாது. ஆனால் பெரிய பங்கு மண்ணீரலுக்கு. ஆரோக்கியமாக இருக்கும்போது அது 150, 200 கிராம்தான், விலா எலும்புக்கு அடியில் கைக்கே தட்டுப்படாது. காலா அசார் முற்றும்போது ஒரு கிலோவையும் தாண்டி, தொப்புளுக்கும் கீழே இறங்கிவிடும். சாதாரண நாளிலேயே உடம்பின் தட்டணுக்களில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில்தான் தங்கியிருக்கும். அது இப்படிப் பெருத்தால் 90 சதவீதம் வரைகூட அங்கேயே அடைந்துவிடும். சிவப்பணுக்களும் அதற்குள் தேங்கி, ஆயுள் முடியும் முன்பே உடைகின்றன. போதாக்குறைக்கு, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவும் கூடுகிறது. இருக்கிற சிவப்பணுவும் நீர்த்துப்போய் ஹீமோகுளோபின் எண் இன்னும் கீழே தெரிகிறது.

இரண்டாவது காரணம் இரும்பு. நாள்பட்ட அழற்சியில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதையும், மேக்ரோஃபேஜ்களுக்குள் இருக்கும் இரும்பு வெளியே வருவதையும் தடுக்கிறது. உடம்பில் இரும்பு இருக்கும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எகிறியிருக்கும், ஆனால் சிவப்பணு உருவாக்க வேண்டிய செல்லுக்கு அது போய்ச் சேராது. 'ரத்தம் கம்மி' என்று மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் இவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறாததற்கு இதுதான் காரணம். ஏழ்மையில் இருப்பவர்களுக்கு வரும் நோய் என்பதால் ஃபோலேட் குறைவு, கொக்கிப்புழுவால் ஏற்படும் நிஜமான இரும்புச்சத்துக் குறைவு ஆகியவையும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது படம் இன்னும் கலங்கும்.

வெள்ளையணுக்களில், கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில்தான் அதிகம் குறைகிறது. காலா அசாருக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் 95 சதவீதத்துக்கு மேல் மரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஒட்டுண்ணி நேரடியாகக் கொல்வது குறைவு. நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் நிமோனியா, காசநோய், வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒன்று புகுந்து ஆளைக் கொண்டுபோய்விடும், இல்லையென்றால் கடும் ரத்தசோகையும் ரத்தக்கசிவும். தட்டணு பொதுவாகக் கொஞ்சம் தாமதமாகத்தான் குறையும். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வர ஆரம்பித்தால் நோய் நன்றாக முற்றிவிட்டது என்று பொருள்.

சரி, மஜ்ஜைக்கு வருவோம்.

இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஊசிக்குழலால் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். உறிஞ்சும் அந்தச் சில நொடிதான் வலி. வந்த சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, உலரவிட்டு, லீஷ்மன் சாயம் போட்டுப் பார்க்கிறோம். முதலில் சிறிய லென்ஸில் பார்த்தால் கொழுப்பு இடைவெளிகள் குறைந்து செல்கள் நெருக்கமாக இருக்கும். அப்லாஸ்டிக் அனீமியா போல மஜ்ஜை வெறிச்சோடிக் கிடக்காது. சிவப்பணுவின் தாய்ச்செல்கள் வழக்கத்தைவிட அதிகம். ஆனால் உற்றுப் பார்த்தால் அவற்றில் பல கோணலாக இருக்கும்: இரண்டு உட்கரு கொண்டவை, உட்கரு ஓரம் பிதுங்கியவை, உட்கரு ஒரு வேகத்திலும் சைட்டோபிளாசம் வேறு வேகத்திலும் முதிர்ந்தவை. இவற்றில் பல முழுச் சிவப்பணுவாகி வெளியே போகும் முன்பே மஜ்ஜைக்குள்ளேயே மடிகின்றன. ஒட்டுண்ணியை எதிர்த்து உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருட்கள் இந்த முதிர்ச்சியைக் குலைக்கின்றன. தட்டணுவை உருவாக்கும் மெகாகேரியோசைட்டுகள் எண்ணிக்கையில் போதுமானதாகவே இருந்தாலும், தட்டணுவைக் கழற்றிவிடும் வேலை மந்தமாக நடக்கும். ஆக, 'நிறைய செல்' என்று அறிக்கை சொல்வதும் உண்மை, ரத்தத்தில் குறைவு என்பதும் உண்மை. ரத்த அறிக்கையையும் மஜ்ஜை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்த நோய் புரியும்.

அப்புறம் பிளாஸ்மா செல்கள். எதிர்ப்புரதம் சுரக்கும் செல்கள் இவை. காலா அசாரில் இவை மஜ்ஜையில் கூடுகின்றன. சிலவற்றின் வயிற்றில் குளோபுலின் உருண்டை உருண்டையாகத் தேங்கி நிற்பதையும் பார்க்கலாம். பி-செல்கள் கட்டுப்பாடின்றித் தூண்டப்பட்டு, ஒட்டுண்ணிக்குப் பயனில்லாத எதிர்ப்புரதங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் குளோபுலின் ஏறி அல்புமின் இறங்கி, இரண்டின் விகிதம் தலைகீழாகும். இ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) நூறைத் தாண்டுவதும், ஸ்மியரில் சிவப்பணுக்கள் அடுக்கடுக்காக ஒட்டி நிற்பதும் இதன் விளைவுதான். ஒரு காலத்தில் இதையே சோதனையாக வைத்திருந்தார்கள். கல்கத்தாவில் நேப்பியர் என்ற மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆல்டிஹைடு சோதனையில், ஒரு மில்லி சீரத்தில் ஒரு சொட்டு ஃபார்மலின் விட்டால் சில நிமிடங்களில் அது வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி உறைந்துவிடும். மலிவான சோதனை. ஆனால் நோய் வந்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், வேறு சில நோய்களிலும் அப்படியே உறையும். இன்று யாரும் செய்வதில்லை, செய்யவும் வேண்டாம்.

இந்தக் கண்மூடித்தனமான எதிர்ப்புரதச் சுரப்பால் இன்னொரு வம்பும் உண்டு. சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்புரதங்களைத் தேடும் கூம்ப்ஸ் சோதனை, ஏ.என்.ஏ. போன்றவை சில நோயாளிகளில் பாசிட்டிவாக வரும். காய்ச்சல், ரத்த அணுக் குறைவு, ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றதும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், ஒட்டுண்ணிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பிளாஸ்மா செல்லைப் பார்த்து மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோய்ப் பக்கம் போகிறவர்களும் உண்டு. அங்கே புரதம் ஒரே வகை, இங்கே பல வகை. புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சுற்றுப்புறச் சாட்சிதான். நேர் சாட்சி எல்.டி. பாடி. நூறு மடங்கு ஆயில் லென்ஸில், ஸ்லைடின் துகள்களுக்குப் பக்கத்திலும் வால் ஓரத்திலும் மேக்ரோஃபேஜ்களைத் தேட வேண்டும். அவற்றுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் உருண்டையாகவோ முட்டை வடிவிலோ கூட்டமாகக் கிடக்கும். ஒரு சிவப்பணு 7 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். வெளிர்நீல உடல், அதற்குள் உருண்டையாக ஒரு செவ்வூதா உட்கரு, அதற்குப் பக்கத்தில் குச்சி போல இன்னும் அடர்த்தியாக கைனெட்டோபிளாஸ்ட் என்ற ஒரு டி.என்.ஏ. துணுக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். மேக்ரோஃபேஜ் உடைந்திருந்தால் இவை வெளியே சிதறிக் கிடக்கும், அப்போது தட்டணுவையோ சாயத் துணுக்கையோ பார்த்து ஏமாற வாய்ப்பு அதிகம். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் இதே மேக்ரோஃபேஜுக்குள் இதே அளவில்தான் இருக்கும். ஆனால் அதற்கு அந்தக் குச்சி கிடையாது.

ஒன்றும் இல்லை என்று எழுதுவதற்கு முன் நுண்ணோக்கியில் ஆயிரம் பார்வைப் புலங்களாவது பார்க்க வேண்டும் என்பது முறை. பத்து நிமிடத்தில் ஒதுக்கி வைத்த ஸ்லைடில் 'இல்லை' என்று எழுதியிருந்தால் அது பதிலே ஆகாது. முறைப்படி பார்த்தாலும் மஜ்ஜையில் சுமார் 53 முதல் 86 சதவீதம் பேருக்குத்தான் ஒட்டுண்ணி கிடைக்கும். மண்ணீரலில் ஊசி போட்டால் 93 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும், ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தான ரத்தக்கசிவு வரலாம். தட்டணு 40,000க்குக் கீழே இருந்தால் அதைத் தொடவே கூடாது. பழக்கமில்லாத ஊரில் மஜ்ஜையே பாதுகாப்பு. உங்கள் டாக்டர் செய்தது சரிதான்.

பீகார் கிராமத்தில் இந்த இளைஞருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் இடுப்பில் ஊசியே போட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலும், பெருத்த மண்ணீரலும், மலேரியா இல்லை என்ற முடிவும் இருந்தால் விரல் நுனி ரத்தத்தில் ஆர்.கே.39 என்ற காலா அசார் சோதனைப் பட்டை வைப்பார்கள். சிறிது நேரத்தில் இரண்டு கோடு தெரியும், சிகிச்சை தொடங்கிவிடும். இங்கே மூன்று அணுவும் குறைந்ததைப் பார்த்ததும் நம் மனது நேராகப் புற்றுநோய்க்கு ஓடுகிறது. "சொந்த ஊர் எது, கடைசியாக எப்போது போய்வந்தாய்?" என்ற கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வி எல்லா ஓ.பி.யிலும் வழக்கமாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை, இந்த ஒட்டுண்ணியின் பெயரில் பாதி சென்னைக்குச் சொந்தம். 1900இல் கல்கத்தா அருகே டம் டம் முகாமிலிருந்து காய்ச்சலோடு இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் இந்த உருண்டைகளைப் பார்த்தார். 1903இல்தான் அதை வெளியிட்டார். அதே ஆண்டு மதராஸ் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் இதே உருண்டைகளைக் கண்டார், இறந்தவரின் மண்ணீரலில் மட்டுமல்ல, உயிரோடு இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலும். யார் முதலில் என்ற சச்சரவுக்கு நடுவே மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார். நாங்கள் தினமும் போடும் சாயமும் அதே லீஷ்மனுடையது.

மஜ்ஜையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, எனக்கு அதிகம் கவலை தருவது: மேக்ரோஃபேஜ்கள் சொந்த உடம்பின் சிவப்பணு, தட்டணு எல்லாவற்றையும் விழுங்கி வைத்திருக்கும் காட்சி. இது ஓரளவு இருந்தால் காலா அசாரில் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில், டிரைகிளிசரைடு அதிகம், ஃபைப்ரினோஜன் குறைவு என்று எல்லாம் சேர்ந்தால் அது எச்.எல்.எச். என்ற நோயெதிர்ப்புக் கொந்தளிப்பு. குழந்தைகளில் இது இன்னும் தந்திரமானது. பரம்பரை எச்.எல்.எச்.சுக்கு எட்டோபோசைடு என்ற கீமோ மருந்து கொடுப்பார்கள். காரணம் லீஷ்மேனியா என்றால் பெரும்பாலும் அந்த ஒட்டுண்ணிக்கான மருந்தே போதும். கீமோவுக்கு முன் மஜ்ஜை ஸ்லைடை இன்னொரு முறை பொறுமையாகப் பார்ப்பது இங்கே ஒரு குழந்தையின் உயிர்.

இனி குணமாகும் வரிசை. இந்தியத் திட்டத்தில் லைபோசோமல் ஆம்போடெரிசின்-பி மருந்தை ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே முறை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். பீகாரில் பழைய ஆன்டிமணி ஊசிக்கு ஒட்டுண்ணி பழகிவிட்டதால் வந்த மாற்றம் இது. காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் அடங்கும். ரத்தத்தில் முதல் நல்ல சேதி, ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. சோதனையில் ஈசினோஃபில் திரும்பத் தலைகாட்டுவது. அடுத்த சில வாரங்களில் வெள்ளையணுவும் தட்டணுவும் ஏறும். ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் வரும், மாதக் கணக்காகும். மண்ணீரல் சுருங்குவதும் அப்படியே. ஆகவே இரண்டாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 7.5தான் என்று பதற வேண்டாம். ஆனால் காய்ச்சல் திரும்பி, மண்ணீரல் மறுபடி பெருத்து, ஏறிய வெள்ளையணு இறங்கினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நன்றாகத் தேறிக்கொண்டிருப்பவருக்கு மஜ்ஜைப் பரிசோதனையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. எச்.ஐ.வி. சோதனை செய்யவில்லையென்றால் செய்யச் சொல்லுங்கள். அது இருந்தால் சிகிச்சை முறையும் மறுபடி வரும் வாய்ப்பும் வேறு.

விடுதியில் கூட இருப்பவர்களுக்கு ஒட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராக ஒட்டாது, சாப்பாட்டுத் தட்டிலோ இருமலிலோ பரவாது. நடுவில் மணல் ஈ வேண்டும். அந்த ஈ தமிழ்நாட்டிலும் உண்டு என்பதால் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுப்பது அவசியம், ஆனால் இளைஞரை ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை. நாட்டில் 2007இல் 44,000க்கும் மேல் இருந்த நோயாளிகள் இப்போது ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்திருக்கிறார்கள். அண்டை நாடான வங்கதேசம் 2023இல் இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தக் கட்டத்தில் பதிவாகாமல் போகும் ஒவ்வொரு நோயாளியும் கணக்கில் இடிக்கும்.

ஆறு மாதம் வரை மறுபடி வராமல் இருந்தால் குணமானதாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகும், சிலருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து முகத்திலும் உடம்பிலும் வெளிறிய திட்டுகளோ சிறு கட்டிகளோ வரும், வலியும் அரிப்பும் இருக்காது. ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பல பேர் தேமல் என்றோ தொழுநோய் என்றோ நினைப்பார்கள். அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கும், மணல் ஈ அதிலிருந்து எடுத்துப் பரப்பும். இதை இளைஞரிடம் அவர் மொழியில் சொல்லிவைக்க ஆள் பிடியுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு, மஜ்ஜை அறிக்கை, மருந்து ஏற்றிய தேதியும் அளவும் எழுதிய தாள் ஆகியவற்றைப் படியெடுத்து அவர் கையில் கொடுத்தனுப்புங்கள், முடிந்தால் மொபைலிலும் படம் பிடித்து வைக்கட்டும். ஆர்.கே.39 பட்டை குணமான பிறகும் நெடுநாள் பாசிட்டிவாகவே காட்டும். ஊருக்குப் போய் வேறு ஏதோ காய்ச்சல் வந்தால், இந்தத் தாள் இல்லாமல் அங்குள்ளவர்களுக்குப் பழைய நோயா புதிய நோயா என்று பிரித்துச் சொல்ல வழி இருக்காது.